தார்ப்பாய் கட்டாத வண்டி

தேசப்பன் யாரையும் நம்புகிற ஆளில்லை. கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலை கேட்டில் பதினெட்டு வருஷம் வாட்ச்மேனாக நின்றவருக்கு, உள்ளே போகிறவனும் திருடன், வெளியே வருகிறவனும் திருடன்.

அக்டோபர் மாதம், விடியவில்லை. வேலைக்குக் கிளம்பி சைக்கிளை எடுத்தார். எதிர்வீட்டு ஷைனி வெளியே நாற்காலி போட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஊன்றுகோல். மே மாதம் விடியுமுன் வேலைக்குப் போகும்போது ஸ்கூட்டர் சறுக்கி முட்டி உடைந்தது. இன்னும் சரியாகச் சேரவில்லை.

“இன்னாம்மா, தூக்கம் வர்லயா?”

“எரிநட்சத்திரம் உழுவுது தாத்தா. அதோ! போச்சு.”

“எனுக்கு ஒரு எழவும் தெரியல.”

“ஹாலி வால்நட்சத்திரம் உட்டுட்டுப் போன புழுதி அது. வழியெல்லாம் கொட்டிக்கினே போயிருக்குது. நம்ம பூமி அந்த வழிய மே மாசம் ஒருவாட்டி, இப்ப ஒருவாட்டி தாண்டும். தாண்டச்சொல்ல அந்தப் புழுதி எரியும்.”

“அது எப்ப போச்சு?”

“எண்பத்தாறுல.”

“வண்டி போயி நாப்பது வருசம், மண்ணு இன்னும் கீதா? யாருகிட்ட கத உடுற?”

“நம்ம பஸ்ஸு, ஆலைக் கசடு கொட்டிக்கினு போற லாரி ரோட்ட போறப்பவும் தாண்டுது, வர்றப்பவும் தாண்டுது. ரெண்டுவாட்டியும் டயருக்கடியில நறநறங்குதுல்ல? அது மாதிரிதான்.”

தேசப்பன் குனிந்து சைக்கிள் டயரைப் பார்த்தார்.

“நான் உழுந்த அன்னிக்கும் ஒண்ணு பாத்தேன் தாத்தா. வானத்தப் பாத்துக்கினே ஓட்டித்தான் உழுந்தேன்னு அம்மா இன்னும் திட்டுது. என் தப்புதான்.”

இரும்பு உருக்கி மிஞ்சிய உலைக்கசடு ஏற்றிய லாரி தார்ப்பாய் கட்டாமல் கேட்டைத் தாண்டக்கூடாது. பார்த்து அனுப்புவது தேசப்பன் வேலை. ஷைனி விழுந்த அன்றைக்கு லாரி டிரைவர் ராபின், “கவுறு அறுந்துடுச்சி பெர்சு, உள்ள போயி வேற எடுத்தாறேன்” என்று கெஞ்சினான். இரும்புத் துண்டு லவட்டத்தான் என்று நினைத்தார். “உள்ள கால வச்சே, முறிச்சிடுவேன். கெளம்புடா” என்று விரட்டினார். லாரி வழிநெடுக இறைத்துக்கொண்டே போனது. ஒரு மணி நேரம் கழித்து அதே ரோட்டு முனையில் ஷைனி சறுக்கி விழுந்தாள்.

ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிப் போனார். அவள் அம்மா மெர்சி இவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்போதும் அவர் லாரியைப் பற்றிச் சொல்லவில்லை.

இப்போது சைக்கிளைச் சுவரில் சாய்த்தார்.

“உன் தப்பு இல்லம்மா. ரோட்ல கசடு கெடந்துச்சி. மூடாத லாரிய உட்டது நான்தான். அந்தப் பையன் கவுறு எடுக்கப் போறேன்னுதான் சொன்னான். நான் உடல.”

ஷைனி வானத்திலிருந்து பார்வையை இறக்கினாள்.

“அஞ்சு மாசமா எதுருலதான கீறீங்க?”

அவர் தலையை ஆட்டினார்.

“அம்மா பால் வாங்க வரும். அதுங்கிட்டயும் சொல்லிட்டுப் போங்க.”

தூரத்தில் ஆலைச் சங்கு ஊதியது. தேசப்பன் நகரவில்லை. உள்ளே மெர்சி பால் பாத்திரம் எடுக்கும் சத்தம் கேட்டதும், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.