இரண்டாம் மாடியில் பச்சைப் புள்ளி

அலிப்பூர் தீயணைப்புத் துறை அலுவலகத்தில் விசாரணை பதினோரு மணிக்கு. தேவிப்ரியா பத்தே காலுக்கே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். சால்ட் லேக்கிலிருந்து பஸ்ஸில் வரும் வழியெல்லாம், இன்றைக்கு மாணிக்கம் வராமல் இருந்தால் தேவலை என்று வேண்டிக்கொண்டே வந்தாள். சாகக் கிடந்து பிழைத்த மனிதரைப் பற்றி வேண்டிக்கொள்கிற விஷயமா இது? ஆனாலும் அதைத்தான் வேண்டினாள்.

மாணிக்கம் தீயணைப்பு வீரர். மூன்று தலைமுறையாகக் கொல்கத்தாவில் இருக்கும் தமிழ்க் குடும்பம். தேவிப்ரியாவின் கம்பெனி ஒரு கருவி செய்தது. எரிகிற கட்டடத்துக்குள் போனவர் எந்த மாடியில் இருக்கிறார் என்று வெளியே நிற்பவர்களுக்கு அது காட்டும். தோளில் மாட்டிக்கொள்ளும் தீப்பெட்டி அளவுப் பெட்டி. வண்டியில் இருக்கும் திரையில் ஆளுக்கொரு பச்சைப் புள்ளி. அதைச் சோதித்துப் பார்க்க முதலில் முன்வந்தவர் மாணிக்கம். அவள் தமிழ்ப் பெண் என்று தெரிந்த அன்றே தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்தார். இனிமேல் காதை நம்பாதீர்கள், திரையை நம்புங்கள் என்று அந்த நிலையத்து ஆட்களுக்கெல்லாம் பாடம் நடத்தியவள் அவள்தான்.

மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். அதை வைத்துத்தான் கருவி மாடியைக் கணக்கிடுகிறது. ஆனால் புயல் வந்தாலும் அழுத்தம் மாறுமே? அதற்காகத் தரையில் நிற்கும் வண்டியில் இன்னொரு பெட்டி உண்டு. வானிலையால் வந்த மாற்றத்தை அது கழித்துவிடும்.

பெரிய அதிகாரிகளுக்குச் செய்து காட்டிய நாளில், வண்டியின் பம்பு ஓடிய அதிர்வில் அந்தத் தரைப்பெட்டி தடுமாறியது. திரையில் புள்ளிகள் துள்ளிக் குதித்தன. முதலாளி ஜெய்ராமின் முகம் சுண்டிப்போயிற்று. தேவிப்ரியா ஓசைப்படாமல் தரைப்பெட்டியின் இணைப்பை நிறுத்தினாள். புள்ளிகள் நல்ல பிள்ளைகளாக அடங்கி நின்றன. கைதட்டல் பலமாக இருந்தது. நாளைக்கு மறுபடி இணைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அந்த ‘நாளை’ பன்னிரண்டு நாளாகியும் வரவில்லை.

பதின்மூன்றாம் நாள் பிற்பகல் ஜாதவ்பூர் பக்கம் ஓர் ஐந்து மாடிக் கட்டடம் தீப்பிடித்தது. வீரர்கள் உள்ளே போன பத்தாவது நிமிடம் கால்பைசாகி வந்தது. சித்திரை வெயிலை ஒரே வீச்சில் விரட்டும் அந்தச் சூறைக்காற்றை ஊரே பால்கனியில் நின்று வரவேற்றுக்கொண்டிருந்தது. காற்றழுத்தம் சட்டென்று ஏறியது; தரைப்பெட்டியின் இணைப்பு இல்லாத கருவி, ஆள் கீழே இறங்கிவிட்டதாகக் கணக்கிட்டது. நான்காம் மாடியில் கூரை சரிந்து, கால் மாட்டிக்கொண்டு கிடந்த மாணிக்கத்தைத் திரை இரண்டாம் மாடியில் காட்டியது. அவருடைய வாக்கிடாக்கி நசுங்கிவிட்டது. கோடாலிக் காம்பால் இரும்புக் குழாயைத் தட்டிக்கொண்டே கிடந்தார். கூட வந்தவர்கள் இரண்டாம் மாடியை அறை அறையாகத் தேடினார்கள். பதினாறு நிமிடம் கழித்து, ஏணி வழியாக ஏறிய வேறொருவர் கண்ணில் தற்செயலாகப் பட்டார். உயிர் மிஞ்சியது. நுரையீரல் பாதிதான் மிஞ்சியது.

மறுநாள் திரைப் பதிவுகளையும் வாக்கிடாக்கிப் பதிவுகளையும் திறந்ததுமே தேவிப்ரியாவுக்கு விளங்கிவிட்டது. ஜெய்ராமிடம் சொன்னாள். அவர் கதவைச் சாத்திவிட்டு, வீரர் கருவியைச் சரியாக மாட்டவில்லை என்று அறிக்கை எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல அவள் விரல்கள்தான் தட்டச்சு செய்தன. பொய்யை அவர் சொன்னார், நான் எழுதினேன், அவ்வளவுதானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். தட்டில் இருந்த சோறு கூட அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு வாரமாகத் தட்டைப் பாதியிலேயே தள்ளிவைத்துக்கொண்டிருந்தாள்.

வேண்டுதல் பலிக்கவில்லை. மாணிக்கம் மனைவி செல்வராணியின் தோளைப் பிடித்தபடி படியேறி வந்தார். நாலு படிக்கு ஒருதரம் நின்றார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். செல்வராணி பிளாஸ்கிலிருந்து முதல் கப் டீயை அவளுக்குத்தான் ஊற்றினாள்.

"எம்மேலதான் தப்பு தங்கச்சி. கோணலா மாட்டியிருப்பேன் போல. அப்படியே எழுதிக் குடுத்துட்டேன். என்னால உன் மெஷின் நின்னுடக் கூடாது பாரு."

தவறு அவருடையது என்று முடிவானால் இருபத்திரண்டு வருட வேலை கெட்ட பேரோடு முடியும். புதியவர்களுக்குப் பயிற்சி தரும் பொறுப்பும் கிடைக்காது. அந்த நுரையீரலோடு அவரால் செய்ய முடிந்த ஒரே வேலை அது. இதெல்லாம் தெரிந்தும் அவள் டீயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் தட்டினது ஒருத்தனுக்கும் கேக்கல. அப்படி ஒரு காத்து. கேட்டிருந்தா நம்ம பசங்க நெருப்பைத் தாண்டி வந்திருப்பானுங்க," என்றார் மாணிக்கம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. தேவிப்ரியாவுக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

உள்ளே விசாரணை அதிகாரி மாணிக்கத்தின் வாக்குமூலத்தை வங்க மொழியில் படித்தார். கம்பெனிக்கு இதில் சம்மதமா என்று கேட்டார். ஜெய்ராம் தலையாட்டிவிட்டார். அவளும் ஆட்டினால் எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். தேவிப்ரியா எழுந்தாள். தரைப்பெட்டியை நிறுத்தியது நான், மறந்ததும் நான், அறிக்கையை எழுதியதும் நான் என்று வங்க மொழியிலேயே சொன்னாள். பதிவுகள் அடங்கிய பென் டிரைவை மேஜையில் வைத்தாள். ஜெய்ராம் அவள் புடவை முந்தானையைப் பிடித்து இழுக்காத குறை.

அதிகாரி அதிலிருந்த வாக்கிடாக்கிப் பேச்சை ஓடவிட்டார். காற்றின் இரைச்சலுக்கு நடுவே மாணிக்கத்தின் கூட்டாளி முகமது ரபீக்கின் குரல் வந்தது: மேலேயிருந்து தட்டுகிற சத்தம் கேட்கிறது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பதில் சொன்னார்: புள்ளி இரண்டாம் மாடியில் இருக்கிறது, காதை நம்பாதே, அந்த மேடம் சொன்னதை மறந்துவிட்டாயா?

அறிக்கை ரத்து, மாணிக்கத்தின் மேல் தவறில்லை என்று அதிகாரி எழுதிக்கொண்டார். வராந்தாவில் தேவிப்ரியா மாணிக்கத்தின் எதிரே போய் நின்றாள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார்.

"ரபீக்குக்குக் கேட்டிருக்கு," என்றார்.

"கேட்டுச்சுண்ணே."

"கேட்டும் வரல."

அவள் அழுதாள். அவர் செல்வராணியின் தோளைப் பற்றி எழுந்தார். கால் தடுமாறியது. தேவிப்ரியா ஓடிப்போய் அவருடைய மறு கையைப் பிடித்தாள். அவர் அந்தக் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"பரவால்ல மேடம். அவ புடிச்சுக்குவா."