சம்பந்தி வீட்டுத் திரை

என் கல்யாணத்தில் படம் ஓட்ட வேறு யாரையும் நான் விடவில்லை. எங்கள் ஷிம்கென்ட் நகரம் முழுக்கத் தேடினாலும் என் கம்ப்யூட்டரைப் போல் ஒன்று கிடைக்காது என்ற திமிர். மண்டபத்தில் எங்களுக்கு ஒரு பெரிய திரை, பெண்வீட்டாருக்கு ஒன்று. சம்பந்திகளுக்கு ஒரு துண்டு கறிகூடக் குறையக் கூடாத ஊர் இது.

நான் ஆசையாக வாங்கிய கிராபிக்ஸ் கார்டில் ஒரு போர்ட்தான் வேலை செய்தது. அதை எங்கள் திரைக்குக் கொடுத்தேன். அவர்கள் திரையை, மதர்போர்டோடு கூடவே வருகிற சாதாரண கிராபிக்ஸில் சொருகினேன். இரண்டு வீட்டிலும் முன்பே எடுத்துச் சேர்த்த ஒரே படத்தை இரண்டிலும் தனித்தனியே ஓட விட்டேன்.

மதர்போர்டோடு கூட வந்தது பாதியிலேயே மூச்சு வாங்கிப் பின்தங்கிவிட்டது. எங்கள் திரையில் நான் குதிரையிலிருந்து விழ, எங்கள் ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தப் பக்கத் திரையிலோ என் மாமனார் ஓரின்பாய் இன்னும் கண்ணீரோடு மகளை வாழ்த்திக்கொண்டிருந்தார்.

அவர் எழுந்துவிட்டார்.

"நான் அழுவுறது இவங்களுக்குச் சிரிப்பா இருக்கா? எல்லாரும் கெளம்புங்க!"

"ஐயோ மாமா, நான் குதிரையிலேருந்து விழுந்ததுக்குத்தான் சிரிக்கிறாங்க!"

"எங்கய்யா விழுந்தே?" திரையைப் பார்த்தார். அப்போதுதான் அங்கே நான் விழுந்தேன். "ஓகோ! நீங்க பாத்து முடிச்ச மிச்சம்தான் எங்களுக்கா?"

கறி வருமுன் சம்பந்தி எழுந்து போனால் அந்தக் கல்யாணம் கல்யாணமே இல்லை.

"ஒயரை மாத்திடறேன் மாமா!"

இப்போது என் அப்பா எழுந்தார். "அப்ப மிச்சம் எங்களுக்கா?"

மேசைக்கு அடியில் ஒயரோடு கிடந்த என்னிடம் மணப்பெண் மெருயெர்த் குனிந்தாள். "ரெண்டையும் மெதுவா ஓடுறதுலயே சொருகித் தொலை."

"அப்ப என் கார்டு?"

"கார்டு வேணுமா, பொண்டாட்டி வேணுமா?"

நெஞ்சு எரியச் சொருகினேன். படம் திக்கித் திணறியது. குதிரையை விட்டுக் கிளம்பிய நான் தரைக்கு வந்து சேராமல், கால் ஒரு பக்கம் தொப்பி ஒரு பக்கமாக அந்தரத்திலேயே நின்றேன், இரண்டு திரையிலும் ஒரே நேரத்தில். மண்டபமே குலுங்கியது. மாமனார் சிரித்துச் சிரித்து இருமியபடி உட்கார்ந்தார்.

"இப்பத்தான்யா சரியா ஓடுது! மாப்ளே, நம்ம வீட்டுக்கும் இதே மாதிரி ஒண்ணு செஞ்சு குடு."

"செய்யறேன் மாமா. நல்ல கார்டு ஒண்ணு போட்டா இன்னும்..."

"அதெல்லாம் போட்டுக் கெடுத்துடாதே."