சுருட்டி வைத்த ஆட்டம்

ஸ்வர்ணலதாவுக்கும் ஜஹீதாவுக்கும் பழக்கம் ரயிலோடு சரி. ஜஹீதா திருவல்லிக்கேணியில் ஏறுவாள், ஸ்வர்ணலதா மந்தைவெளியில். இருவரும் இறங்குவது பெருங்குடியில். அங்கே ஒரு தனியார் மருத்துவமனையின் மருந்துக் கடையில் ஜஹீதாவுக்கு வேலை. பக்கத்துத் தெருவில் ஒரு கம்பெனியின் வரவேற்பு மேஜையில் ஸ்வர்ணலதா உட்கார்ந்திருந்தாள். பறக்கும் ரயிலின் மகளிர் பெட்டியில் ஜஹீதா தன் கைப்பையைப் பக்கத்தில் வைத்து அவளுக்கு இடம் பிடித்து வருவாள். ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனதில்லை.

ஐப்பசி மழையில் ஒரு மாலை, இந்திரா நகருக்கும் கஸ்தூரிபா நகருக்கும் நடுவில் ரயில் வெகுநேரம் நின்றுவிட்டது. ஜஹீதா பையைத் துழாவி, காந்தம் வைத்த ஒரு சின்ன லூடோவை வெளியே எடுத்தாள். அவள் மகன் ஃபராஸ் சிறுவயதில் ஆடியது. கடையில் கூட வேலை செய்பவளின் குழந்தைக்குக் கொடுக்க எடுத்து வந்து, கொடுக்க மறந்திருந்தாள்.

"ஆடலாமாக்கா? எவ்ளோ நேரம்தான் மழையயே பாத்துக்கினு இருக்கறது?"

ஸ்வர்ணலதாவுக்கு முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு ஜஹீதாவின் காயை வெட்டியபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். எதிரே இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்ட பிறகுதான், இப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று தோன்றியது. கணவர் சண்முகசுந்தரம் போன பிறகு அந்த வீட்டில் சத்தம் என்றால் டிவி சத்தம்தான். பிள்ளைகள் இல்லை.

அந்த லூடோவைக் குழந்தைக்குக் கொடுக்கவே இல்லை. தினமும் காலையில் பாதி, மாலையில் பாதி என்று ஆடினார்கள். ஆனால் காந்தம் தேய்ந்துவிட்டிருந்தது. ரயில் குலுங்கினால் காய்கள் இடம் மாறும். 'என் காய் இங்கதான் இருந்தது' என்று இருவரும் சண்டை போடுவார்கள். ஒருநாள் கோட்டூர்புரம் தாண்டும்போது சிவப்புக் காய் ஒன்று உருண்டு, திறந்திருந்த கதவு வழியாக ஆற்றுப் பக்கம் போய் விழுந்தது.

"போச்சுடா! அடையாத்துல குளிக்கப் போய்டுச்சு," என்றாள் ஜஹீதா.

"விடு. நான் ஒண்ணு பின்னிடுறேன்," என்றாள் ஸ்வர்ணலதா.

குரோஷா என்கிற கொக்கி ஊசிப் பின்னல் அவளுக்குப் பள்ளியில் கற்றுக்கொடுத்தது. அந்தக் காலத்தில் டிவிக்கும் மிக்ஸிக்கும் உறை போட்டதோடு ஊசியை எடுத்து வைத்துவிட்டாள். இப்போது உட்கார்ந்து யோசித்தாள். பலகை துணி போல மடங்க வேண்டும், இரண்டு பேர் மடியில் விரிக்க வேண்டும், குலுங்கினால் காய் நகரக்கூடாது. கடைசியில் வழி கிடைத்தது. ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒரு சிறு ஓட்டை விட்டுப் பின்னுவது. காய்க்குப் பதில் சட்டைப் பொத்தான். அதன் அடியில் நூல் முடிச்சு ஒன்று வைத்துவிட்டால் ஓட்டைக்குள் போய் மாட்டிக்கொள்ளும். பாதி ஆட்டத்தில் இறங்க வேண்டி வந்தால் அப்படியே சுருட்டிப் பையில் போடலாம். மாலையில் விரித்தால் காய்கள் விட்ட இடத்தில் இருக்கும்.

பொத்தானுக்குத் தி.நகர் போனாள். ரங்கநாதன் தெருப் பக்கம் கணவர் நடத்திய தையல் சாமான் கடையை இப்போது கொழுந்தன் ஆனந்தகுமார் பார்த்துக்கொள்கிறார்.

"எந்தச் சட்டைக்கு மதினி?"

"சட்டைக்கு இல்ல. லூடோவுக்கு."

அவர் ஒரு நிமிடம் அவள் முகத்தைப் பார்த்தார். டீ சொல்லட்டுமா என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ரயிலிலேயே பின்ன ஆரம்பித்தாள். ஜஹீதாவுக்கு மஞ்சள் மூலை, தனக்குப் பச்சை. மீதி இரண்டுக்குச் சிவப்பும் நீலமும். பகடை கீழே விழாமல் இருக்க, ஜஹீதாவே கடையிலிருந்து கண்ணாடி போன்ற ஒரு மாத்திரை டப்பா கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே பகடையைப் போட்டு மூடிக் குலுக்கினால் போதும்.

முதலில் ஜஹீதா ஆசையாகத்தான் பார்த்தாள். வரிசை ஏற ஏற அவள் பேச்சு குறைந்தது. "இவ்ளோ கஷ்டப்படாதக்கா," என்று ஒருநாள் சொன்னாள். இன்னொரு நாள், "அக்கா, ஒண்ணு சொல்லணும்," என்று ஆரம்பித்தாள். ஸ்வர்ணலதா கண்ணி எண்ணிக்கொண்டிருந்ததால் ஒரு விரலைக் காட்டி நிறுத்தினாள். எண்ணி முடித்து நிமிர்ந்தபோது, "ஒண்ணுமில்ல, மஞ்சள் நல்லா வந்துருக்குது," என்றாள் ஜஹீதா.

நீல மூலை மட்டும் பாக்கி இருந்த ஒரு திங்கட்கிழமை ஜஹீதா ரயிலில் இல்லை. அவள் இடத்தில் காதில் ஒயர் மாட்டிய ஒரு பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். உடம்புக்கு முடியவில்லை போலும் என்று ஸ்வர்ணலதா நினைத்தாள். கூப்பிட்டுப் பார்த்தாள்; மணி அடித்துக்கொண்டே இருந்தது, ஜஹீதா எடுக்கவில்லை. மறுநாளும் அப்படித்தான். வார முடிவில் மனம் கேளாமல், வேலை விட்டதும் அந்த மருந்துக் கடைக்கே போனாள். கல்லாவில் ஸ்ரீவத்சன் என்று பெயர் அட்டை குத்திய இளைஞன் இருந்தான்.

"ஜஹீதா மேடமா? அவங்க ரிலீவ் ஆயிட்டாங்களே. பையனுக்கு ஹைதராபாத்ல வேலை, மருமகளும் உண்டாயிருக்கா. அங்கேயே போய்ட்டாங்க. ரொம்ப முன்னாடியே சொல்லிட்டாங்க. நாங்கள்லாம் கேக் வெட்டி, போட்டோ எடுத்து… நீங்க யாரு, சொந்தமா?"

"இல்ல. ரயில்ல கூட வர்றவ."

"ஓ," என்றான் அவன். அந்த ஒரு எழுத்தில் ஸ்வர்ணலதாவுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. ஏதாவது வாங்காமல் போவது ஒரு மாதிரியாகத் தெரிந்ததால் இருமல் மிட்டாய் வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

வீட்டில் செருப்பைக் கழற்றியதும் அந்தப் பின்னலை எடுத்தாள். மஞ்சள் மூலையில் முடிச்சை அவிழ்த்து நூலைப் பிடித்து இழுத்தாள். குரோஷாவில் ஒரு நுனி கிடைத்தால் போதும், தடையே இல்லாமல் வரும். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. மடியில் சுருள் சுருளாக மஞ்சள் நூல் குவிந்தது. பலகை ஒரு பக்கம் மூளியாகி நின்ற பிறகு எழுந்து போய்ச் சோறு வைத்தாள்.

அடுத்த ஞாயிறு ஜஹீதாவே கூப்பிட்டாள்.

"அக்கா, கோவமா கீறியா? வீடு மாத்துற அமளில போனே எடுக்க முடியல."

"கோபம் என்ன கோபம். நல்லா இருக்கியா? மருமக எப்படி இருக்கா?"

"நல்லா கீதுக்கா. லூடோ முடிச்சிட்டியா?"

"முடிச்சுட்டேன்."

"மஞ்சள்ல எனக்குப் போட்டியே, அது?"

"அதுவும்தான்."

இன்னும் கொஞ்சம் மழையைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் பேசிவிட்டு வைத்தார்கள். வைத்த பிறகு ஸ்வர்ணலதாவுக்குத் தன் பொய் அருவருப்பாக இருந்தது. சுருண்டிருந்த நூலைத் தண்ணீரில் நனைத்து, நாற்காலி முதுகில் சுற்றிக் காயவைத்து, மறுபடி பின்னினாள். முதல்முறை வந்த அளவுக்குத் திருத்தமாக வரவில்லை. ஓரம் லேசாக இழுத்துக்கொண்டு நின்றது. நீலத்தையும் போட்டு முடித்தாள்.

முடித்ததும் அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒரு காலை ரயிலில் மடியில் விரித்து, பச்சைக்கும் மஞ்சளுக்கும் தானே மாறி மாறிப் பகடை குலுக்கினாள். பக்கத்தில் ஒரு மீன்காரம்மா, சிந்தாதிரிப்பேட்டையில் மீன் எடுத்து, ஈரச் சாக்கு போட்டு மூடிய பாத்திரத்தைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாம்மா அது? நீயே ஆடி நீயே ஜெயிப்பியா?"

"ஆள் இல்லம்மா."

"நான் இன்னா கல்லா? குடு இப்டி." டப்பாவை வாங்கிக் குலுக்கினாள். "இன்னா வுழுந்துச்சு?"

"ஆறு. வெளிய வரலாம்."

"பாத்தியா, நம்ம கை ராசி!" என்று அவள் பெட்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். பெயர் பொன்மணி என்றும், மூட்டு வலி என்றும், தன் சின்ன மருமகள் சரியான வாயாடி என்றும் அந்தச் சிறிய நேரத்துக்குள் சொல்லி முடித்தாள். நடுநடுவே மஞ்சள் காயைத் தப்புத் தப்பாக நகர்த்தினாள். ஸ்வர்ணலதா திருத்தவில்லை. திருவான்மியூர் வந்ததும் பொன்மணி பாத்திரத்தைத் தூக்கித் தலையில் வைத்தாள்.

"கூட ஆடுற ஆளு எங்க போச்சு?"

"ஊரைவிட்டுப் போய்ட்டா. என்கிட்ட மட்டும் சொல்லாம."

யாரிடமும் சொல்லாததை யாரென்றே தெரியாத ஒருத்தியிடம் சொல்லிவிட்டாள்.

"அத்த அவளாண்ட கேளு. என்னாண்ட சொல்லி இன்னா ஆவப்போது?" என்று சொல்லிக்கொண்டே பொன்மணி இறங்கிப் போனாள்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் ஸ்வர்ணலதா டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. மாடிப்படியில் நின்று ஜஹீதாவைக் கூப்பிட்டாள்.

"நான் உன் கடைக்குப் போனேன் ஜஹீதா. அந்தப் பையன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ என்கிட்ட சொல்லியிருக்கணும். நான் ஒவ்வொரு வரிசையா போட்டுட்டு வரேன், நீ பாத்துட்டே உக்காந்திருந்த."



"அதனாலதான்க்கா," என்றாள் ஜஹீதா. "டெய்லி இன்னிக்கி சொல்லிடணும்னு வருவேன். நீ அந்த நூல வச்சிக்கினு சந்தோஷமா உக்காந்துருப்ப. முடிக்கட்டும், ஒரு ஆட்டம் ஆடிட்டுச் சொல்லலாம்னு பாத்தேன். அதுக்குள்ள டிக்கெட் போட்டுட்டான் ஃபராஸ். சொல்லியிருக்கணும். தப்புதான். திட்டுக்கா, இன்னும் கொஞ்சம் திட்டு."

"எனக்கு இவ்வளவுதான் திட்டத் தெரியும்."

ஜஹீதா சிரிக்கப் போய், அது அழுகையாகிவிட்டது. ஃபராஸும் மருமகளும் காலையிலேயே வேலைக்குப் போய்விடுகிறார்கள் என்றாள். பதினாலாவது மாடி என்றாள். உருது தெரிந்து என்ன, லிஃப்டில் வருகிறவர்கள் போனைத்தான் பார்க்கிறார்கள் என்றாள். ஸ்வர்ணலதா படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லலாம். வரவில்லை. ஆனால் போனை வைக்கவும் இல்லை.

"உன் மூலைய நான் பிரிச்சுட்டேன்," என்றாள் திடீரென்று. "அப்புறம் திரும்பப் போட்டேன். கொஞ்சம் கோணலா இருக்கு."

"பிரிச்சிட்டியா?" ஜஹீதா மூக்கை உறிஞ்சினாள். "சரியாத்தான் செஞ்சிக்கீற."

இனி ஞாயிறு தோறும் பேசிக்கொள்வது என்று முடிவானது. உள்ளே மேலாளர் யாரையோ தேடும் குரல் கேட்டது. ஸ்வர்ணலதா எழுந்து, புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு மேஜைக்குப் போனாள்.

அடுத்த ஞாயிறு ஜஹீதா கூப்பிடவில்லை. ஸ்வர்ணலதா போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு கபாலி கோவில் வரை நடந்து, குளத்தைச் சுற்றிவிட்டுத் திரும்பினாள். அதற்கடுத்த ஞாயிறு ஜஹீதா கூப்பிட்டாள். மணி ஒருமுறை முழுதாக அடிப்பதற்குள் ஸ்வர்ணலதா எடுத்துவிட்டாள்.