நான்காவது பெயர்

மாதக் கடைசி மீட்டிங் என்றாலே கலைமகளுக்குக் கழுத்தும் தோளும் இறுகிவிடும். ஆரணிக்கு வெளியே, சேத்துப்பட்டு ரோட்டில் இருக்கும் தனியார் கல்லூரியில் அவள் இயற்பியல் உதவிப் பேராசிரியை. ஆராய்ச்சி டீன் மணவாளன் திரையில் அட்டவணையைப் போடுவார். யார் எத்தனை கட்டுரை வெளியிட்டார்கள், அவற்றை வேறு எத்தனை கட்டுரைகள் மேற்கோள் காட்டின என்று ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் எண்கள் வரும். கலைமகள் பெயருக்கு நேரே பூஜ்யம்தான்.

அவள் சும்மா இருந்தவள் இல்லை. விசைத்தறி ஷெட்டுகளில் சத்தத்தை அளந்து, அங்கே வேலை செய்கிறவர்களின் காது எவ்வளவு மந்தமாகியிருக்கிறது என்று இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் பரிசோதித்திருந்தாள். அண்ணன் இளவரசன் தறி ஓட்டுகிறவன். வீட்டில் அவன் வைக்கும் டிவி சத்தம் தாங்காமல்தான் அவளுக்கு அந்த யோசனையே வந்தது. கட்டுரையும் எழுதினாள். ஆனால் அது வெளிவந்த பத்திரிகை கல்லூரியின் கணக்கில் சேராத பத்திரிகை.

மணவாளன் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். மேல இருந்து எனக்குப் பேஜார் குடுத்துகினே இருக்காங்க. ரேங்க் வரலன்னா அட்மிஷன் போயிடும். மீதி டேட்டாவையும் சேர்த்துப் புதுசா ஒண்ணு எழுதுங்க. கணக்குல வர்ற ஜர்னலா நான் பார்த்துத் தர்றேன். என் பேரும் இன்னும் ரெண்டு பேரு பேரும் முன்னால போட்டுடுங்க. அவங்க பேப்பர்ல உங்க பேரு வரும்."

"அவங்க யாரும் ஷெட் பக்கமே வரலியே சார்."

"எல்லா காலேஜ்லயும் இப்படித்தான் நடந்துகினு இருக்கு. அப்புறம், சோலார் செல் அது இதுன்னு நம்ம காலேஜ் பேப்பர் ஒரு பத்து பன்னெண்டு மேற்கோள் காட்டிடுங்க."

"சோலார் செல்லுக்கும் காதுக்கும் என்ன சார் சம்பந்தம்?"

"முன்னுரையில ஒரு வரி மேடம். யாரு படிக்கப் போறாங்க?"

அவள் வாதாடியிருக்கலாம். ஆனால் அந்த வாரம் முழுக்க மாணவர் சேர்க்கைக்காகத் தெள்ளார் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாக ஏறி இறங்கியிருந்தாள். மே மாத வெயில் தலைக்குள் இறங்கியிருந்தது. சண்டை போடவும் தெம்பு வேண்டும். எழுதிக் கொடுத்தாள். நான்கு பெயர்களில் அவளுடையது கடைசி.

அதன்பிறகு அட்டவணையில் அவள் பெயருக்கு நேரே எண் ஏறத் தொடங்கியது. யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று ஒருநாள் ஆசையோடு திறந்து பார்த்தாள். கடலை எண்ணெய் பற்றிய கட்டுரை, பாலத்து விரிசல் பற்றிய கட்டுரை, செல்போன் பேட்டரி பற்றிய கட்டுரை. 'ஒலி குறித்த ஆய்வுகளும் நடந்துள்ளன' என்று ஒவ்வொன்றிலும் ஒரே மாதிரி ஒரு வாக்கியம். ஆண்டு விழாவில் அவளுக்குச் சால்வை போட்டார்கள். எல்லாரும் கைதட்டினார்கள்.

"தோள்ல இன்னா அது?" என்று வீட்டில் இளவரசன் கேட்டான். இரண்டு தடவை சொன்னாள். "சரி, சரி" என்று தலையாட்டினான். காதில் விழாதபோது அவன் அப்படித்தான் ஆட்டுவான்.

ஒரு மாலை, டீ குடிக்கும் இடத்தில் மணவாளன் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். "வேலூர்ல இருந்து அகல்யான்னு ஒரு டாக்டரம்மா ரெண்டு மாசமா போன் பண்ணிகினே இருக்காங்க. காது டாக்டராம், நம்ம பேப்பரைப் படிச்சாங்களாம், தறிக்காரங்களுக்குக் கேம்ப் போடணுமாம். எந்த ஷெட்டுல எத்தனை பேரு, இன்னா வயசுன்னு கேட்டா எனக்கு எப்படித் தெரியும்? புராஜெக்ட் முடிஞ்சிடுச்சுன்னு சொல்லிட்டேன்."

டம்ளர் கையிலேயே நின்றது. படித்திருக்கிறார்கள். நிஜமாகவே யாரோ ஒருவர் உட்கார்ந்து படித்திருக்கிறார்.

"அந்த நம்பர் குடுங்க சார்."

"கேம்ப் கீம்ப் போட்டா நமக்குப் பாயிண்ட் எதுவும் வராது மேடம்."

"குடுங்க சார்."

அவர் போனை எடுத்து நம்பரைத் தேடினார்.

"கடைசிப் பேரு நீங்களா?" என்றார் அகல்யா போனில். "முதல் பேரு போட்டவர்தான் எல்லாம் செஞ்சிருப்பாருன்னு நினைச்சிட்டேன்."

"நான்தாங்க அளந்தேன்," என்றாள் கலைமகள். இத்தனை நாளில் அதை வாய்விட்டு ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட அறை ஒன்றில் காது பரிசோதனை நடந்தது. இளவரசன் வேலை செய்யும் ஷெட்டின் முதலாளி பாலு, முகூர்த்த மாதம் என்பதால் தறியை நிறுத்த முடியாது என்றார். டீ நேரத்தில் இரண்டிரண்டு பேராக அனுப்பினார். கூட்டம் என்று சொல்ல முடியாது. கலைமகள் போனில் கத்திய பிறகு, கடைசியாக இளவரசன் வந்தான்.

ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். சத்தம் போனதைக் காட்டி இயந்திரத்தில் விளக்கு எரிந்து அணைந்தது. மறுபடி எரிந்தது. அவன் கட்டைவிரல் பொத்தான்மேல் காத்துக்கொண்டே இருந்தது. கலைமகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"போனது திரும்பாதுங்க," என்றார் அகல்யா. "மீதியையாவது காப்பாத்தணும். தறி ஓடறப்ப இதைக் காதுல வெச்சிக்குங்க." நுரை அடைப்பான்களை அவன் உள்ளங்கையில் வைத்து, அதையே உரக்க மறுபடி சொன்னார்.

இளவரசன் தங்கையைப் பார்த்தான். "அன்னிக்கு நீயே மிஷின் வெச்சிப் பார்த்தியே கலை. அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேண்ணா."

"அப்படியா?" என்றான் அவன். கோபமில்லை. அடைப்பானைப் பிதுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த மீட்டிங்கில் அந்த முகாமுக்கு அட்டவணையின் எந்தக் கட்டத்திலும் இடமில்லை. மணவாளன் அடுத்த ஆண்டின் இலக்கை வாசித்து முடித்ததும் கலைமகள் எழுந்தாள்.

"இனிமே என் பேப்பர்ல கூட வேலை செஞ்சவங்க பேரு மட்டும்தான் சார் வரும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப இன்கிரிமென்ட் பத்தி என்கிட்ட வந்து நிக்காதீங்க மேடம்."

"நிக்கல சார்."

அதைத் தைரியம் என்று சொல்ல முடியாது. அவர் கேட்டதையெல்லாம் இன்னொரு தடவை செய்ய அவளால் ஆகாது, அவ்வளவுதான். இன்கிரிமென்ட் வரவில்லை. பாலு தன் ஷெட்டுக்கு ஒரு பெட்டி அடைப்பான் வாங்கிப் போட்டார். பாதிப் பேர் வைத்துக்கொள்கிறார்கள், பாதிப் பேர் காது அரிக்கிறது என்கிறார்கள். இளவரசன் முதலாளி பார்க்கும்போது வைக்கிறான்.

அந்த மீட்டிங் நடந்த அன்று மாலை, பஸ்ஸில் அவள் தூங்கிப்போனாள். பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் எழுப்பியபோது அகல்யாவிடமிருந்து செய்தி வந்திருந்தது: வரும் ஞாயிறு இன்னொரு ஷெட்டில் சம்மதித்திருக்கிறார்கள், வர முடியுமா? துணி துவைக்க வேண்டும், விடைத்தாள் திருத்த வேண்டும். படிக்கட்டுக் கம்பியைப் பிடித்து இறங்கிக்கொண்டே, 'வர்றேன்' என்று தட்டினாள்.