சம்மதம் வாங்கிய சண்டை

நான் பி.ஏ. ஆங்கிலம், மூன்றாம் ஆண்டு. அதிலும் மொழியியல்தான் எனக்குப் பிடித்த பாடம். இதைச் சொன்னால் சேரன்மகாதேவியில் ஒருத்தருக்கும் விளங்காது. “அப்போ இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை பேசு பாப்போம்” என்பார்கள். மொழியியல் என்றால் இங்கிலீஷ் பேசிக் காட்டுவது இல்லை, மனிதர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனிப்பது என்று விளக்கினால், அதைத்தான் நாங்கள் சும்மாவே செய்கிறோமே, அதற்கு எதற்குக் காலேஜ் என்று கேட்பார்கள். எனக்கோ கோபம் மூக்கு நுனியில் இருக்கும். உக்கிரமான இசக்கியம்மன் பெயரைச் சேர்த்து இசக்கிச்செல்வி என்று வைத்துவிட்டுச் சாந்தமாக இரு என்றால் எப்படி?

கடைசிப் பருவத்தில் ஒரு ப்ராஜெக்ட் உண்டு. நிஜ மனிதர்கள் இயல்பாகப் பேசுவதைப் பதிவு செய்து ஆராய வேண்டும். பேச்சு எந்த மொழியிலும் இருக்கலாம், அறிக்கை மட்டும் ஆங்கிலத்தில். வகுப்பில் ஆளுக்கு ஆள் டீக்கடை, பஸ் கண்டக்டர் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் எழுந்து, எங்கள் தெருக் குழாயடிச் சண்டையை எடுக்கிறேன் என்று வாயை விட்டேன். மொழியியல் நடத்தும் ஹெப்ரான் சாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஒரே ஒரு விதிதான் சொன்னார். பேசுகிறவர்களிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்க வேண்டும், ஒளித்து வைத்துப் பதிவு செய்யக் கூடாது.

எனக்கு அது சும்மா ப்ராஜெக்ட் இல்லை. அப்பா பிச்சைக்கண்ணு வாழைத்தார் ஏற்றும் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். ஒரு பாடத்தில் அரியர் விழுந்தாலும் படிப்பு பி.ஏ.வோடு சரி, எம்.ஏ. என்கிற பேச்சே கிடையாது என்று சொல்லிவிட்டார். அம்மாவிடம் போய் நின்றால், “அப்பாட்ட கேளு” என்பதோடு முடித்துக்கொள்வாள். பீடி சுற்றுகிற கை நிற்காது, முகத்தையும் நிமிர்த்த மாட்டாள். அது எனக்கு உள்ளூர வலிக்கும்.

சண்டையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் என் அம்மா சுடலைவடிவு. மறுபக்கம் எதிர்வீட்டு முத்துராணி அத்தை. காலையில் குழாயில் தண்ணீர் வந்ததும் ஆரம்பிக்கும். குடத்தை யார் முதலில் வைத்தது என்று தொடங்கி, கோழி, கோலம் எல்லாம் தாண்டி, நான் பிறப்பதற்கு முன்னால் நடந்த ஒரு கல்யாணப் பந்தியில் யார் யாருக்குச் சாம்பார் ஊற்றாமல் போனார்கள் என்பதில் போய் நிற்கும். தெருவில் பாதிப் பேர் பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு கேட்பார்கள். மத்தியானம் அம்மா மீன் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் எதிர்வீட்டுக்குப் போகும். கொண்டு போகிறவள் நான்தான். மறுநாள் காலை மறுபடி சண்டை.

இரண்டு பேரிடமும் சம்மதம் கேட்டேன். பிள்ளை படிப்புக்கு இதைக்கூடச் செய்ய மாட்டோமா என்று உடனே ஒத்துக்கொண்டார்கள். மறுநாள் குழாய்ப் பக்கத்துச் சுவரில் போனை வைத்தேன். முத்துராணி அத்தை கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையில் வந்தாள், தலையில் பூ வேறு. அம்மா முகம் கழுவிப் பவுடர் போட்டிருந்தாள்.

“மதினி, நீங்க மொதல்ல பிடிங்க” என்றாள் அம்மா.

“இல்ல வடிவு, ஒனக்கு வேல கெடக்கும். நீ பிடி.”

“தண்ணி இன்னைக்கு நல்லா வருதுல்லா?”

“ஆமா, நல்லாத்தான் வருது.”

இவ்வளவுதான். பிரஷ்ஷோடு நின்றவர்கள் ஏமாந்துபோய் உள்ளே போனார்கள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

ஒரு வாரம் இதே கதை. இத்தனை வருஷச் சண்டை, போனைக் கண்டதும் பயந்து ஓடிவிட்டது. நானே அத்தையின் குடத்தை வரிசையில் பின்னால் தள்ளி வைத்துப் பார்த்தேன். அதற்கும் அவள் அம்மாவைப் பார்த்து, பரவாயில்லை என்று சிரித்தாள். கடைசியில் என் வாட்டத்தைப் பார்த்து இரண்டு பேரும் கூடிப் பேசி, எனக்காக ஒரு சண்டை போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். “அடியே சுடலைவடிவு, என் குடத்தைத் தொட உனக்கு என்ன துணிச்சல்” என்று அத்தை கையை நீட்டிக் கேட்க, அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதையும் கொண்டுபோய் சாரிடம் போட்டுக் காட்டினேன். முழுவதும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எந்த ஆண்டு விழாவில் போட்ட நாடகம் என்று கேட்டார். மானம் போயிற்று.

ப்ராஜெக்ட் கொடுக்க வேண்டிய வாரம் வந்தது. அன்று காலை போனை எடுக்கவே பிடிக்கவில்லை. சார்ஜரில் கிடக்கட்டும் என்று போட்டுவிட்டு, வெறும் குடத்தோடு போனேன். போன் வழக்கம்போல எங்கேயோ இருக்கிறது என்ற நினைப்பில், குழாயடியில் மறுபடியும் நீங்க பிடிங்க, நீ பிடி என்று ஆரம்பித்தார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

“எனக்குன்னு வந்தா மட்டும் வாயில கொழுக்கட்டையா? ஒரு சண்டைகூட ஒழுங்காப் போடத் தெரியல. ஒங்களால நான் பெயிலாவப் போறேன். எம்.ஏ.வும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. எங்கம்மைக்கு அதுதான வேணும்” என்று கத்தினேன். அழுகையும் சேர்ந்து வந்தது.

முத்துராணி அத்தை என் பக்கம் திரும்பினாள். “ஏளா, பெத்தவளப் பாத்து இப்படியா பேசுத? இங்கிலீஷ் படிச்சா வாய் இவ்வளவு நீளுமோ?”

அம்மா குடத்தைக் கீழே வைத்தாள். “எம்பிள்ளையச் சொல்லுததுக்கு நீ யாரு?”

‘மதினி’ போயிற்று. ‘நீங்க’வும் போயிற்று.

“தெருவுல நின்னு கத்துத பிள்ளையச் சொல்லாம, மடியில வச்சுக் கொஞ்சவா?”

“அவ கத்துவா. படிக்க பிள்ள, பயத்துல கத்துவா. அவ எம்.ஏ. படிக்கப் போறா, தெரியுமா? அவ அப்பா என்ன சொன்னாலும் நான் அனுப்பத்தான் போறேன். நீ பாத்துக்கிட்டே இரு!”

“நான் என்னத்துக்குப் பாத்துக்கிட்டு இருக்கணும்? இவ பொறந்தன்னைக்கு ஆஸ்பத்திரியில மொதல்ல கையில வாங்கினது யாரு? எம்.ஏ. சேக்கப் போவும்போது நானும் வருவேன். நீ என்ன தடுக்கது?”

“வராம இருந்துருவியா நீ? வந்துதான் பாரேன்!”

“வருவேன்ளா!”

இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லுகிறார்கள் என்பது இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை. அங்கிருந்து அது வழக்கம்போலக் கோழிக்குப் போய், கோலத்துக்குப் போய், சாம்பாரில் வந்து நின்றது. தெரு மொத்தமும் வாசலுக்கு வந்துவிட்டது. நான் குடத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன். அம்மா இதை என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. இப்போது ஊருக்கே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அப்பா ஆட்டோ சாவியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் நின்றார். எங்கள் தெருவில் வீட்டுக்குள் சொன்ன பேச்சை மாற்றிக்கொள்ளலாம், குழாயடியில் சொன்ன பேச்சை மாற்ற முடியாது. நான் பக்கத்தில் போனதும், “ஒங்கம்ம ஊருக்கே சொல்லிட்டா. இனி நான் எங்கன போயி மாட்டேன்னு சொல்லுதது?” என்றார். பைய நடந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். முகத்தில் கோபம் இல்லை.

தண்ணீர் நின்ற பிறகுதான் அம்மாவுக்கு நினைவு வந்தது. “ஏட்டி, எல்லாத்தையும் பதிஞ்சிட்டியா?” என்றாள் மெதுவாக. போன் வீட்டில் கிடக்கிறது என்றேன். நல்ல வேளை என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டாள்.

அன்று இரவு சாப்பிட்டுவிட்டுப் பழைய பதிவுகளை மறுபடி கேட்டேன். நீங்க பிடிங்க, நீ பிடி. தண்ணி நல்லா வருதுல்லா, நல்லாத்தான் வருது. கேட்கக் கேட்க எனக்கே சிரிப்பு. தினமும் சண்டை போடுகிற இரண்டு பேர், போனைப் பார்த்ததும் எப்படியெல்லாம் மரியாதை கொடுக்கிறார்கள்! இத்தனை நாள் குப்பை என்று ஒதுக்கியதுதான் என் ப்ராஜெக்ட். தலைப்பை மாற்றிக்கொண்டு எழுத உட்கார்ந்தேன்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த மேடம் எல்லாம் கேட்டுவிட்டு, இவர்கள் நிஜமாகவே சண்டை போடுவார்களா, அதற்கு என்ன ஆதாரம் என்றார். ஆதாரம் கையில் இல்லை, காலையில் தண்ணீர் வருகிற நேரத்துக்கு எங்கள் தெருவுக்கு வாருங்கள், போனை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள் என்றேன். ஆங்கிலத்தில்தான் சொன்னேன். ஹெப்ரான் சார் இருமுவதுபோல் சிரிப்பை அடக்கினார். பாஸாகிவிட்டேன்.

எம்.ஏ. சேரப் போன அன்று முத்துராணி அத்தை சொன்னபடியே வந்தாள், அதே கல்யாணச் சேலையில். பஸ் ஏறியதும் ஜன்னலோர இருக்கைக்கு அம்மாவும் அவளும் சண்டை பிடித்துக்கொண்டார்கள். பத்தமடை தாண்டியும் ஓயவில்லை. பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். என் கையில் போன் இருந்தது. அதை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு, அவர்களுக்குப் பின் இருக்கையில் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.