வெயிலில் இரைந்த தகரம்

தேயிலைக் கொழுந்துக் கூடையை மலையிலேயே இறக்கிப் போட்டுவிட்டுச் சுதர்ஷினி பாடசாலைக்கு ஓடினாள். நல்ல வெயில். ஆனால் பாடசாலையின் தகரக் கூரையில் அடைமழை இரைந்துகொண்டிருந்தது. துளித் தண்ணீர் விழவில்லை, சத்தம் மட்டும்தான். அது ஆலங்கட்டிச் சத்தமாக மாறினால் அவள் மகளை ஒரேயடியாக அனுப்பிவிடுவதாகப் பாடசாலை அதிபர் போன வாரமே சொல்லியிருந்தார். அவள் வாசலை மிதித்தபோது ஆலங்கட்டி தொடங்கிவிட்டது. "கூட்டிட்டுப் போங்க!" என்று அதிபர் கத்தினார். அவர் கோபக்காரர் அல்ல. கத்தாவிட்டால் கேட்காது.

அவளுடைய மகள் பிரியந்திக்கு ஏழு வயது. அவள் பயந்தால் தலைக்கு மேலிருக்கும் தகரம் மழையாக இரையும். கொஞ்சம் பயந்தால் தூறல், எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் அடைமழை. அவளால் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்க முடியாது. பாதி எழுத்தில் எழுந்து ஜன்னலுக்குப் போவாள், ஜன்னலிலிருந்து பக்கத்துப் பிள்ளையின் பென்சில் பெட்டிக்கு, அங்கிருந்து வாசலுக்கு. டீச்சர் அதட்டுவார். அதட்டியதும் நெஞ்சு படபடக்கும், கூரை இரையும், ஒரே மண்டபத்தில் நடக்கும் மூன்று வகுப்புகளுக்கும் பாடம் கேட்காமல் போகும். அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளிலும் இதே கதைதான். ஆரம்பத்தில் சத்தம் கேட்டதும் எல்லாக் காம்பராக்காரர்களும் காயப்போட்ட துணியை எடுக்க ஓடினார்கள். பிறகு பழகிவிட்டது. பழகியதால் நிஜ மழையில் துணி நனைந்தது. "ஏய் சுதா, இது மேல இருக்கறவன் மழையா, ஒம் மக மழையா? சொல்லிட்டுப் பெய்யச் சொல்லு, வெறகு நனையுதுடி" என்று பக்கத்துக் காம்பரா அழகம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பாள்.

நுவரெலியா கிளினிக்கில் சிங்கள டாக்டர் பிள்ளையை நெடுநேரம் விளையாட விட்டுப் பார்த்தார். கவனம் ஓரிடத்தில் நிற்காத ஏ.டி.எச்.டி. கோளாறு என்றார், கூடவே பதற்றமும் இருக்கிறது என்றார். "இது குறும்பு இல்ல அம்மா. பிள்ளைக்கு மூளையும் ஓடுது, நெஞ்சும் ஓடுது. பொறுமையான பள்ளிக்கூடம் பாருங்க." கூரையைப் பற்றிச் சுதர்ஷினி கேட்டதற்கு, அது தன்னுடைய பிரிவில் வராது என்றார். அவர் தந்த மருந்தில் ஆலங்கட்டி அடைமழையாகக் குறைந்தது.

பள்ளிக்கூடம் பார்க்கிற வேலையைத் தகப்பன் நிரஞ்சன் ஏற்றுக்கொண்டான். ஹட்டனில் ஆட்டோ ஓட்டுகிறவன், எல்லாப் பாதையும் தெரிந்தவன். மகளென்றால் உயிர். சவாரி போகிற இடமெல்லாம் விசாரித்தான். பெரிய பாடசாலை ஒன்றில் பிள்ளையைப் பற்றி முழுக்கக் கேட்டுவிட்டு, இடம் இல்லை என்றார்கள். இன்னொன்றில் இடம் இருந்தது, கூரை தகரமாக இருந்தது. லிந்துலைப் பக்கம் போய்வந்த அன்று, "அங்க ஒண்ணும் சரியில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்தான். கடைசியில் கொங்கிரீட் கூரை போட்ட தனியார் பள்ளிக்கூடம் ஒன்று அகப்பட்டது. கட்டணத்தைக் கேட்டதும் நாற்காலியில் பாதி உட்கார்ந்திருந்த நிரஞ்சன் அப்படியே எழுந்துவிட்டான். சுதர்ஷினி காதிலிருந்ததைக் கழற்றினாள். மூன்று மாதத் தவணை ஒன்று நிம்மதியாகப் போனது. அடுத்த தவணையில் கொங்கிரீட்டும் இரையக் கற்றுக்கொண்டது.

அதன் பிறகு பிரியந்தி வீட்டிலேயே இருந்தாள். காலையில் வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் லயத்தைத் தாண்டிப் போகிற நேரத்தில் மட்டும் கூரையில் தூறல் விழும். ஏழு வயதில் தன் பெயரை முழுதாக எழுதியவள், ஒன்பது வயதில் 'பி' எழுதிவிட்டு அடுத்த எழுத்துக்கு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். சுதர்ஷினி வேலை முடிந்து வந்து சொல்லிக்கொடுக்க உட்காருவாள். கையில் கொழுந்துக் கறை இருக்கும், கண்ணில் தூக்கம் இருக்கும். அவளும் அதட்டினாள். அதட்டிய ஒவ்வொரு முறையும் கூரை இரைந்தது, லயம் முழுக்கக் கேட்டது.

கிளினிக் வரிசையில் முன்னால் நின்ற ஒருத்திதான் வழி சொன்னாள். "லிந்துலையில முனீரா டீச்சர்கிட்ட விடுங்களேன். அரசாங்கப் பள்ளிக்கூடம், காசு கெடையாது. விசேட வகுப்புன்னு தனியா நடத்துறாங்க. ஒங்க புள்ள கூரையத்தான படுத்துது? எம் மவன் ஆளையே கடிப்பான். இப்ப கடிக்கிறதில்ல."

நிரஞ்சன் தூரம் என்றான். ஹட்டனை விடக் கிட்டத்தானே என்று சுதர்ஷினி கேட்டாள். வண்டியில் கோளாறு என்றான். அப்படியானால் பஸ்ஸில் போகலாம் என்று அவள் பிள்ளைக்குத் தலை சீவினாள். வேறு வழியில்லாமல் ஆட்டோவை எடுத்தான். பள்ளிக்கூடத்தை அவன் யாரிடமும் விசாரிக்காமல் கண்டுபிடித்ததைச் சுதர்ஷினி கவனிக்கவில்லை.

அங்கேயும் தகரக் கூரைதான். பிரியந்தி உள்ளே காலை வைத்ததும் அடைமழை இறங்கியது. ஒரு பையன் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தான், இன்னொருத்தி சுற்றிச் சுற்றி ஆடினாள். முனீரா டீச்சர் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. "மழை நமக்கென்ன புதுசா? கத்திப் படிங்க!" என்றார். பிள்ளைகள் கத்திப் படித்தார்கள். பிரியந்தி எழுந்து நடந்தாள். உட்காரச் சொல்ல ஆளில்லை. நடந்துகொண்டே படித்தாள். இடைவேளை மணி அடித்தபோது கூரை தூறலுக்கு வந்து, பிறகு அதுவும் நின்றது. தகரத்தில் காகம் நடக்கிற சத்தம் கேட்டது. சுதர்ஷினி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"பிள்ளைட பேரென்ன?" என்று கேட்டபடி வாசலுக்கு வந்த டீச்சர், வராந்தாவில் முதுகைக் காட்டி நின்ற நிரஞ்சனைப் பார்த்தார். அவன் திரும்பியதும் முகத்தைக் கூர்ந்து பார்த்தார்.

"நீங்க வந்திருக்கீங்கதானே? ரெண்டு வருசமிருக்கும். நாளைக்கே கூட்டிட்டு வாங்கன்னு சொன்னேன். இப்ப கேட்ட மாதிரியே பிள்ளைட பேரைக் கேட்டேன். சொல்லாமலே போயிட்டீங்க."

சுதர்ஷினி வகுப்புக்குள்ளிருந்தே கணவனைப் பார்த்தாள். வராந்தாத் தகரத்தில் மழை தொடங்கியது. பிரியந்தி முற்றத்தில் வெயிலில் ஓடிக்கொண்டிருந்தாள். வராந்தாத் தகரத்துக்குக் கீழே நின்றது நிரஞ்சன் மட்டும்தான்.

"தோட்டத்து ஆள் கணக்குல ஒருக்கா பேர் பதிஞ்சா அழியுதா சுதா?" என்றான் அவன். "எங்கப்பா பேரு அழிஞ்சிச்சா, ஒம் பேரு அழிஞ்சிச்சா? செத்தாத்தான் வெட்டுறாங்க. இங்க பதிஞ்சுட்டா, காலத்துக்கும் இந்த வகுப்புப் புள்ளன்னே ஆயிரும்னு..." மீதியைக் கூரை விழுங்கிவிட்டது.

முனீரா டீச்சர் வழக்கம்போலக் குரலை உயர்த்தினார்.

"இங்க யாரும் அப்படியே இருக்கிறதில்லங்க. ஒரு வருசம், ஒன்றரை வருசம். பிறகு சாதாரண வகுப்புக்கு அனுப்பிருவோம். நீங்க வந்த அன்னைக்கு இருந்த பிள்ளைங்க யாரும் இப்ப இங்க இல்ல."