நிசிம் சபோர்த்தா, 9 வயது

1

இந்தக் கதை ஒரு குழுக் கூட்டத்தில் பிறந்தது. அதில் நானும் இருந்தேன், பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில். கதையில் எனக்கு அதற்கு மேல் வேலையில்லை. பெயர்களை மட்டும் நான் வைத்தேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "1942 நவம்பர். பாரிஸில் அன்று காலையிலிருந்தே பனி..." அன்று பனி பெய்ததா என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதினால் ஜினெத்துக்குப் பிடிக்காது. ஆகவே ஜினெத்திலிருந்து தொடங்குகிறேன்.

ஜினெத் ஸ்லாமோவிச் ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரி. நாற்பது வருடம் மருத்துவர்களின் கையெழுத்தைப் படித்தவள் என்பதால், பதினோராம் வட்டாரப் பள்ளிகளின் பழைய பதிவேடுகளைப் படிக்கும் வேலை அவள் தலையில் விழுந்தது. பதிவேட்டில் யூதப் பிள்ளைகளைத் தேட வேண்டும். முகாமுக்குப் போன ரயில்களின் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். திரும்பி வராதவர்களின் பெயரும் வயதும் கல்லில் ஏறும். கல் பள்ளி வாசலில் ஏறும்.

இந்தப் பள்ளியின் பதிவேட்டில் நிசிம் சபோர்த்தா இரண்டு முறை இருந்தான். ஒரே தெரு, ஒரே வீட்டு எண். ஒன்றில் பிறந்த வருடம் 1933, மற்றதில் 1934. ரயில் பட்டியலில் ஒரே ஒரு நிசிம்தான், 1933. யாரோ ஒரு குமாஸ்தா தூக்கக் கலக்கத்தில் இரண்டு தடவை எழுதியிருக்கிறான் என்று முடிவுகட்டி, ஜினெத் இரண்டாவது பெயரை அடித்தாள்.

(இதை அவள் அலட்சியமாகச் செய்யவில்லை. அவள் குடும்பம் போலந்திலிருந்து வந்தது. உயிரோடு இருப்பவரின் பெயரை அவர்கள் பிள்ளைக்கு வைப்பதில்லை. ஒரே வீட்டில் இரண்டு நிசிம் இருப்பது அவளைப் பொறுத்தவரை நடக்காத காரியம்.)

2

கல்லைத் திறந்துவைப்பதற்கு ஒரு வாரம் முன்பு, எழுபது வயது தாண்டிய ஒருவர், பாலாடைக்கட்டி அடைத்த போரேகாப் பலகாரப் பொட்டலத்தோடு கூட்ட அறைக்கு வந்தார். சந்தையில் காலுறை விற்று ஓய்ந்தவர்.

"கல்லுல என் பேரு இருக்குதாமே, மேடம்."

"உங்க பேரு?"

"நிசிம் சபோர்த்தா. முப்பத்துமூணுல பொறந்தவன்."

ஜினெத் பேனாவைக் கீழே வைத்தாள். "அப்போ நீங்க இறந்து..."

"என் பொண்டாட்டி ரொம்ப நாளா அதைத்தான் சொல்லிட்டிருக்கா. உக்காரலாமா?"

உட்கார்ந்தார். அவருடைய தாத்தா சலோனிகாவிலிருந்து வந்த நிசிம். தாத்தாவுக்கு இரண்டு மகன்கள். இரண்டு பேருமே தலைப்பிள்ளைக்கு அப்பா பெயரை வைத்தார்கள்.

"தாத்தா உயிரோட இருக்கும்போதேவா?" என்றாள் ஜினெத்.

"செத்தப்புறம் வெச்சா அவருக்கு எப்படித் தெரியும்? எங்க பக்கம் பேரு வைக்கலைன்னாதான் கோவிச்சுப்பாங்க. உங்க பக்கம்?"

"வைக்க மாட்டோம். சாவு தூதன் பேரைச் சொல்லிக்கிட்டு வருவான், ஆள் மாத்திப் பிடிச்சுட்டுப் போயிடுவான்னு எங்கம்மா சொல்லுவாங்க."

அவர் ஒரு போரேகாவை எடுத்து, தின்னாமல் திரும்ப வைத்தார்.

"உங்கம்மா விவரமானவங்க" என்றார்.

3

[இங்கே போலீஸ்காரர்களின் பூட்ஸ் சத்தத்தை ஒரு பத்திக்கு எழுதியிருந்தேன். நிசிம் படித்துவிட்டு, "பூட்ஸா? ரெண்டு பேரு. ஒருத்தனுக்கு ஜலதோஷம்" என்றார். பத்தியை எடுத்துவிட்டேன்.]

இரண்டு குடும்பமும் ஒரே கட்டடத்தில், ஒரே மாடியில், எதிரெதிர் வீடு. கழிப்பறை மாடிப்படித் திருப்பத்தில், எல்லோருக்கும் பொது. ஒன்பது வயது நிசிம் அதற்குள் இருந்தான். மேலே போலீஸ்காரர்கள் சீட்டைப் பார்த்துப் பெயர் பெயராகக் கூப்பிட்டார்கள்.

"'நிசிம் சபோர்த்தா யாரு?'ன்னான். தம்பி, சித்தப்பா பையன், 'நான்தான்'னு சொன்னான். பொய் சொல்லலையே, அவன் பேரும் அதுதானே. இன்னொரு நிசிமை அவங்க கேக்கவே இல்லை."

சீட்டில் ஒரு நிசிம், கையில் ஒரு நிசிம். கணக்கு சரியாகிவிட்டது. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் கழிப்பறைக் கதவைத் தாண்டித்தான் இறங்கிப் போனார்கள். கதவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்று நினைக்கிறார் நிசிம். பார்த்திருந்தால் அவர் இன்று இல்லை.

(இரண்டாவது சீட்டு என்ன ஆனது? போலீஸ் அலுவலகத்தில் யாரோ இரண்டு அட்டையைப் பார்த்து, ஒரே பையன் என்று நினைத்து, ஒன்றைக் கிழித்திருக்கலாம். இது என் ஊகம். ஜினெத்துக்கும் இதே ஊகம் வந்தது. அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. வெட்கமாக இருந்தது, வேறென்ன.)

"பேரை எடுக்கணுமா?" என்று கேட்டாள்.

"ஐயோ, பேரு இருக்கட்டும். அவனுக்கும் அதுதானே பேரு. வயசை மாத்துங்க. என்னைவிட ஒரு வருஷம் சின்னவன். எதுக்கெடுத்தாலும் 'நானும் பெரியவன்தான்'னு மல்லுக்கு நிப்பான். ஒன்பதுன்னு பார்த்தா குதிப்பான், திருட்டுப் பய. ஆனா அவனுக்கு ஒன்பது ஆகவே இல்லை, மேடம்."

4

கல் செதுக்குபவரை ஜினெத் தொலைபேசியில் கேட்டாள். "ஒன்பதை எட்டாக்கணுமா? நல்ல வேளை, ஏழா இருந்தா கல்லே போயிருக்கும். கீழே இடப்பக்கம் ஒரு சின்ன வளைவு. அவ்வளவுதான்" என்றார் அவர்.

குழுத் தலைவர் லூசியான் முன்னாள் வரி அதிகாரி. கெட்டவர் இல்லை. அவருடைய அக்காவின் பெயர் அடுத்த தெருப் பள்ளியின் கல்லில் இருக்கிறது.

"கல்லுல இருக்கற ஒவ்வொண்ணுக்கும் காகிதம் இருக்கணும், ஜினெத். நீதானே அந்த விதியை எழுதினே. இதெல்லாம் நடக்கவே இல்லைன்னு சொல்லிட்டுத் திரியறவன், ஒரு எண்ணு தப்புன்னா போதும், அதைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குவான்."

"அந்தக் காகிதத்தை எழுதினது யாரு, லூசியான்? அவனைப் பிடிச்சுட்டுப் போனவங்க."

"சாட்சி நான் இருக்கேனே" என்றார் நிசிம்.

"நீங்க கழிப்பறைல இருந்தீங்க. பார்க்கலை."

"பார்க்கலை. கேட்டேன்."

நான் பிஸ்கட் தட்டை நகர்த்தினேன்.

5

முடிவுகள்.

அ) திறப்பு விழாவில் ஒரு மாணவி பெயர்களை வாசிக்கிறாள். "நிசிம் சபோர்த்தா" என்றதும் கிழவர் எழுந்து, "உள்ளேன்" என்கிறார். எழுதியபோது எனக்கே கண் கலங்கியது. நிசிம் படித்துவிட்டு, "நான் ஏன் எந்திரிக்கப் போறேன்? அவ கூப்பிடறது அவனை" என்றார். அடித்துவிட்டேன்.

ஆ) விடிந்ததும் ஜினெத் தானே உளியை எடுத்துக்கொண்டு... இல்லை. அவளுக்கு மூட்டுவலி.

இ) நடந்தது இது: வாக்கெடுப்பு. இரண்டு பக்கமும் சமமாக வந்து, ஜினெத்தின் கை மட்டும் மிச்சம் இருந்தது. தூக்கினால் அவள் விதி உடையும். நாளை இன்னொருவர் வந்து வெறும் வாய்ப்பேச்சில் இன்னொரு பெயரை மாற்றச் சொல்வார். தூக்காவிட்டால் அந்தச் சின்னவனை அவள் இரண்டாவது தடவையும் அடித்ததாகும். நிசிம் அவளைப் பார்க்கவில்லை. மேஜைமேல் சிந்தியிருந்த போரேகாத் துணுக்குகளை விரலால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார்.

அவள் கையை நான் இங்கே தூக்கப் போவதில்லை. என்னிடமும் காகிதம் கிடையாது.

ஆனால் தலைப்பில் அந்த எண்ணைத் திருத்தாமல் விட்டிருக்கிறேன். செதுக்குபவர் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். கீழே, இடப்பக்கம், ஒரு சின்ன வளைவு. பேனா உங்களிடம் இருக்கும்.